ஏழாவது பதிவை அழிக்காதே

மொருயா,
பிப்ரவரி 5, புதன்

அன்பு மகள் டீகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நாயும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். அங்கே நீயும் தோள் வலி இல்லாமல், தூக்கம் கெடாமல், மூன்று வேளையில் இரண்டு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். பதில் மூன்று வாரம் தாமதம் என்று எனக்கே தெரியும். நீ நான்கு முறை செய்தி அனுப்பினாய், நான் நான்கு முறையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் பதில் போட்டேன். அம்மாவுக்கு வேலை அதிகம் என்று நீ நினைத்திருப்பாய், இல்லை நீ கேட்ட கேமரா கிடைக்கவில்லை என்று நினைத்திருப்பாய். இரண்டும் இல்லை. கேமரா கிடைத்துப் பதினைந்து நாள் ஆகிறது. இந்தக் கடிதத்தை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்புகிறேன், கேமராவை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் பாதி சொல்வதற்குள் நீ குறுக்கே பேசுவாய், நானும் உடனே சமாதானமாகிவிடுவேன், சொல்ல வேண்டியது அப்படியே நின்றுபோகும்.

முதலில் வீட்டுச் செய்தி. ஜனவரி கடைசியில் நல்ல மழை, ஆற்றில் சேற்றுத் தண்ணீர் வந்துவிட்டதால் சிப்பி எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால் அப்பா சிப்பிப் பண்ணைக்குப் போகாமல் வீட்டில் சிப்பி வளர்க்கும் தட்டுகளைச் சரிசெய்துகொண்டு, நான் எப்படிச் சமைக்க வேண்டும், எப்படி வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் முட்டி வலி இப்போது பரவாயில்லை. தோட்டத்தில் சுக்கினிக் காய் இந்த வருடம் அளவுக்கு மீறிக் காய்த்துவிட்டது, பக்கத்துத் தெருவில் எல்லாரும் நான் கொடுக்க வருவதைப் பார்த்தாலே கதவைச் சாத்துகிறார்கள், நேற்று ஒருவர் கார் கண்ணாடியைக்கூட ஏற்றிவிட்டார். நாய் பிக்கிளுக்கு முடி கொட்டுகிறது, வீடு முழுவதும் அதன் முடிதான். இதைக் காரணத்தோடுதான் சொல்கிறேன், பின்னால் வருகிறது. எனக்கு ஆய்வகத்தில் வழக்கமான வேலைதான், மழைக்குப் பிறகு பதினோரு கடற்கரையில் தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டும், காலை ஆறு மணிக்கு பாட்டில்களோடு நிற்கிறேன். நீ வேலை முடிந்து துறைமுகத்திலிருந்து அந்தி நேரத்தில் வண்டி ஓட்டி வருகிறாய் என்று சொன்னாயே, அந்த நேரத்தில்தான் கங்காரு சாலைக்கு வரும், எண்பதுக்கு மேல் போகாதே. மின்சார வேலை பழகுகிற பிள்ளைக்கு எச்சரிக்கை சொல்லித்தர வேண்டியதில்லை என்று சிரிப்பாய், சிரி.

இனி விஷயம். ஜனவரி பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை நீ அழுதுகொண்டே போன் செய்தாய். முந்தைய நாள் கடற்கரைக் கார்னிவல் துடுப்புப் போட்டியில் உங்கள் படகு மூன்றாவது அலையில் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது, யாருக்கும் அடியில்லை, ஆனால் மணலில் வைத்து எல்லார் முன்னாலும் உங்கள் ஸ்வீப், பின்னால் நின்று படகைச் செலுத்துகிற கிரெய்க், நீ அலையைத் திரும்பிப் பார்த்ததால்தான் இது நடந்தது என்று சொன்னார் என்றாய். பிப்ரவரி இருபத்திரண்டு அன்று உன் இடத்துக்கு உன்னையா அந்தப் புதுப் பெண்ணையா என்று முடிவு செய்யப்போகிறார் என்றாய். அந்த இடம் போனால் மாநிலப் போட்டியும் போகும், பன்பரியில் உனக்கு வேறு யாரையும் தெரியாது, உன்னோடு துடுப்புப் போடுகிற அந்த மூன்று பெண்கள்தான் உனக்கு அங்கே வீடு என்பதும் எனக்குத் தெரியும். அப்போது நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ திரும்பியிருக்க மாட்டாய், நம் வீட்டில் யாரும் திரும்புகிறவர்கள் இல்லை, தான் படகைத் தப்பான கோணத்தில் விட்டதை மறைக்க உன்மேல் போடுகிறார், என்னையும் ஒரு ஸ்வீப் இப்படித்தான் பழி சொல்லி இறக்கிவிட்டார் என்று சொன்னேன். படம் பிடித்து அவர் மூஞ்சியில் காட்டு என்று சொன்னதும் நான்தான். நீ அழுகையை நிறுத்திவிட்டு, அப்படியென்றால் இருநூற்றைம்பது டாலருக்குள் ஒரு பழைய ஆக்‌ஷன் கேமரா நல்லதாகப் பார்த்து அனுப்பும்மா, கிளப் முழுக்க உட்கார வைத்துக் காட்டுகிறேன் என்றாய். அந்த வேகத்தை உனக்கு ஏற்றிவிட்டது நான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தேடிய கதையைச் சொல்கிறேன், நாளை நீயே ஒன்று வாங்க வேண்டியிருந்தால் உதவும். முதலில் நரூமாவில் ஒருவர். புதிது மாதிரி இருக்கு, கடல் பக்கமே போனதில்லை, நாய் முதுகில் கட்டித் தோட்டத்தில் எடுத்ததோடு சரி என்று விளம்பரம் போட்டிருந்தார். போனேன். பேட்டரி மூடியின் கீல் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, சார்ஜ் போடும் துளைக்குள் பச்சையாகக் களிம்பு. அவருக்குப் பின்னால் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த அலைப்பலகையின் மூக்கில் கேமரா ஒட்டுகிற தட்டு இன்னும் ஒட்டியபடியே இருந்தது. நாய்க்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டேன். அருமையா நீந்தும்மா என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது பேட்மன்ஸ் பேயில் ஒரு பெண், போன வருட மாடல், விலை பாதிக்கும் கீழே. ஆன் செய்தால் வேறு ஒருவர் பெயர் வருகிறது, பழைய கணக்கிலிருந்து விடுவிக்க முடியவில்லை. யார் இது என்றேன், என் பழைய ஆள், அவன் இப்ப போன எடுக்குறதில்ல என்றாள். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பழைய உரிமையாளர் விடுவிக்காத கேமரா கல்லுக்குச் சமம், அதையும் விட்டேன். மூன்றாவது ஒரு மலிவான பெயரில்லாத சரக்கு, பெட்டி பிரிக்காதது, எழுபது டாலர். அட்டையில் என்னென்னவோ எண்கள் போட்டிருந்தது. அதைக் காரின் முன்பக்கத்தில் ஒட்டி மண் சாலையில் ஓட்டிப் பார்த்தேன், படத்தில் வேலிக்கம்பங்கள் எல்லாம் ஜெல்லி மாதிரி ஆடின. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அட்டையில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்காதே, ஒரு முறையாவது ஓடவிட்டு, வேகமாக அசைகிற ஒன்றை எடுத்துப் பார்த்து வாங்கு.

நான்காவதுதான் இப்போது உன் கையில் இருப்பது. பேகாவில் ஹெலன் என்று ஒரு அம்மா, பள்ளி ஹாக்கி அணிக்குப் பயிற்சி கொடுக்கிறவர். நான்கு வருடப் பழைய மாடல். கோல் கம்பத்துக்குப் பின்னால் கட்டிவைத்துப் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பாராம், தண்ணீரில் இறங்கியதே இல்லை. பின்பக்கத் திரையில் மூலையிலிருந்து ஒரு விரிசல் போகிறது, பயப்படாதே, ஒரு பந்து பட்டது, திரைக்குள் தண்ணீர் போகாது, மேல் கண்ணாடி மட்டும்தான், தொட்டால் வேலை செய்கிறது. லென்ஸின் மேல் கண்ணாடி சுத்தம், கீறினாலும் தனியாகக் கழற்றி மாற்றலாம், சின்ன விலைதான். விரிசலைக் காட்டி நான் விலை குறைக்கக் கேட்பதற்குள் அவரே, இதப் பாத்துட்டு நாலு பேர் ஓடிட்டாங்க, நீயும் ஓடுறதுன்னா டீ குடிச்சுட்டு ஓடு என்றார். நூற்று அறுபது டாலர், மூன்று பேட்டரி. அதில் ஒன்று வயிறு உப்பியிருந்தது, பேட்டரியை மேசைமேல் படுக்க வைத்துச் சுழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும், நல்லது சுழலாது, உப்பியது பம்பரம் மாதிரி சுற்றும். அதை அவரிடமே விட்டுவிட்டேன். எல்லாரும் இன்னும் நூறு டாலர் போட்டுப் புது மாடல் வாங்குவது படம் ஆடாமல் வருவதற்காகத்தான். நமக்கு அது வேண்டாம். படகு எந்த இடத்தில் உதறுகிறது என்று பார்க்கத்தான் நாம் படமே எடுக்கிறோம், கேமரா அந்த உதறலைத் துடைத்துவிட்டால் பிறகு என்ன பார்ப்பது. அதனால் ஆட்டம் குறைக்கும் வசதியை அணைத்து வைத்திருக்கிறேன், நீயும் அப்படியே விடு. நொடிக்கு நூற்று இருபது படம் என்று வைத்திருக்கிறேன், மெதுவாக ஓட்டிப் பார்க்க அது போதும். இதையும் காரில் ஒட்டி அதே மண் சாலையில் எடுத்துப் பார்த்தேன், வேலிக்கம்பங்கள் ஜெல்லி ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து வாளிச் சோதனை செய்தேன். பேட்டரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மெல்லிய காகிதத் துண்டை மடித்து வைத்து, மூடியை மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வைத்தேன். எடுத்துப் பார்த்தால் காகிதத்தின் ஒரு மூலை ஈரம். அப்பாவுக்குச் சந்தோஷம், பழசு வாங்காதன்னு சொன்னேன்ல என்று ஆரம்பித்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், மூடியின் ரப்பர் விளிம்பில் குறுக்கே பிக்கிளின் முடி ஒன்று, ஒன்றே ஒன்று. துடைத்துவிட்டு மறுபடி முக்கினேன், காகிதம் காய்ந்தபடியே வந்தது. ஆகையால் டீகன், மணலில் நின்று மூடியைத் திறக்காதே. ஈரக்கையோடு பார்க்கிங்கில் பேட்டரி மாற்றித்தான் கடற்கரைக்காரர்கள் எல்லாரும் கேமராவைக் கொல்கிறார்கள். வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் போட்டு மூடிக்கொண்டு போ, வந்ததும் மூடியபடியே நல்ல தண்ணீரில் கழுவு, காய்ந்த பிறகு திற. கயிறு ஒன்று கட்டி வைத்திருக்கிறேன், அதைப் படகில் முடிச்சுப் போடாமல் வெறும் பசையை நம்பி ஒட்டாதே. படகில் பொருத்துவதற்கு முன் கிளப்பில் கேட்டுக்கொள்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டமான பகுதி. உனக்கு அனுப்புவதற்கு முன் கடலில் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று ஜனவரி இருபத்தாறு ஞாயிறு காலை எங்கள் படகில் கட்டினேன். எங்கள் நாலு பேரையும் உனக்குத் தெரியும், எல்லாருக்கும் நாற்பது தாண்டியாச்சு. ஸ்வீப் ஜோ நிற்கிற இடத்தில், அவள் காலடியில், முன்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்தேன். அப்பா இருபது வருடமாகக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டே, ஏன் உங்க ஆளுங்க எல்லாரும் அலைக்கு முதுகக் காட்டி உக்காந்துகிட்டு அலைக்குள்ளயே போறீங்க, கண்ணு இருக்குறது ஒருத்திக்குத்தானா என்று. அதே காரணத்தால்தான் அந்த இடம் நல்ல இடம், அங்கே வைத்தால் துடுப்புப் போடுகிற நாலு பேரின் முகமும் தெரியும், எங்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்து வருகிற அலையும் தெரியும். எங்களுக்குத் தெரியாதது அதற்குத் தெரியும். கேமராவைப் பார்த்ததும் ஜோ, டிவில வரப்போறோம், எல்லாரும் வயித்த உள்ள இழுங்கடி என்றாள். லியோனி, நான் பெத்த நாலும் இந்த வயித்துலதான் இருந்துச்சு, அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்றாள். அலை பெரிதாக இல்லை, தலைக்கு மேல் கொஞ்சம். ஐந்து அலை தாண்டிப் போய்த் திரும்பி வந்தோம். நல்ல காலைதான்.

மதியம் சாப்பாட்டு மேசையில் கணினியில் போட்டுப் பார்த்தோம். படம் தெளிவாக வந்திருந்தது, அதில் எனக்குத் திருப்தி. ஏழாவது பதிவு ஓடும்போது அப்பா கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அது ஏன் நீ மட்டும் யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்புற? யாரும் கூப்பிடலையே."

நான் திரும்பவில்லை என்றுதான் முதலில் சொன்னேன், மகளே. படம் கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். அப்பா பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். ஐந்து அலை. நான்கில் திரும்புகிறேன். அலை முட்டுவதற்கு ஏறக்குறைய ஒரு நொடி முன்னால் தலை இடப்பக்கம் போகிறது, தோள் திறக்கிறது, என் துடுப்பு மற்ற மூன்றுக்கும் பின்னால் இறங்குகிறது, படகின் மூக்கு ஒரு கை அகலம் விலகுகிறது, ஜோ தன் நீளத் துடுப்பைச் சாய்த்து அதை நேராக்குகிறாள். லியோனியும் மற்ற இரண்டு பேரும் தங்களுக்கு நேர் எதிரே இருப்பதைத் தவிர எதையும் பார்க்கவில்லை. திரும்பாத அந்த ஒரு அலை சின்ன அலை. பதினோரு முறை பார்த்தேன். மெதுவாக ஓட்டியும் பார்த்தேன், தண்ணீர் மாதிரியில் கிருமி எண்ணுகிற மாதிரி எண்ணினேன், எண்ணிக்கை மாறவில்லை. சாயங்காலம் ஜோவுக்குப் போன் செய்து உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும்டி, ஆறு வருஷமா தெரியும், நீ திரும்புனா அலை பெருசுன்னு எனக்குக் கணக்கு, நான் காலை அகட்டி நின்னுக்குவேன் என்றாள். சொல்லியிருக்கலாமே என்றேன். ரெண்டு தடவ சொன்னேன், ரெண்டு தடவயும் இல்லன்னுட்ட, நாம என்ன ஒலிம்பிக்ஸா போறோம், விட்டுட்டேன் என்றாள்.

இதற்குப் பிறகுதான் ஒரு வாரம் எனக்கு எழுத வரவில்லை. உனக்கு ஒன்றரை வயதில் நான் மறுபடி படகில் ஏறியதை நான் சொல்லித்தான் நீ கேட்டிருப்பாய். நீ இப்போது உட்காருகிற அதே இடம், முன்னால் ஒருத்தியின் முதுகு, அவளுக்கு அப்பால் ஸ்வீப். வெளியே போகும்போது எங்கள் முகம் கரையைப் பார்த்து இருக்கும், மணலில் அப்பா உன்னை மடியில் வைத்துக்கொண்டு மஞ்சள் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார், துடுப்புப் போடப் போடக் குடை சின்னதாகும். கண்ணுக்கு நேரே நீ இருந்ததால் எனக்கு முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. இதை இப்போது எழுத முடிகிறது, அப்போது எனக்கே தெரியாது. அந்தப் பருவத்தில் இரண்டு முறை படகு குறுக்கே போனது. ஸ்வீப் மெர்வ், நீ திரும்புற ப்ரான் என்றார். திரும்பவில்லை என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தேன், படிப்பையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு வருகிறவளை ஒழிக்கப் பார்க்கிறார் என்று கிளப் முழுக்கச் சொன்னேன், மாநிலப் போட்டிக்கு முன்னால் அவர் என்னை இறக்கிவிட்டார். அவரோடு இருபத்தொரு வருடம் பேசவில்லை. ரொட்டிக் கடையில் எதிரே வந்தால் நான் கேக்கைப் பார்ப்பேன், அவர் பையைப் பார்ப்பார்.

போன சனிக்கிழமை காரின் பின்சக்கரத்தில் காற்று குறைவு என்று ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு அவருடைய டயர் கடைக்குப் போனேன். காற்று அடித்தார். காசு வேண்டாம் என்று கையாட்டிவிட்டு உள்ளே திரும்பினார். நான் கேமராவை எடுத்து, இதைக் கொஞ்சம் பாருங்கள் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடி தேடிப் போட்டு, அந்த விரிசல் விட்ட சின்னத் திரையில் ஏழாவது பதிவை முழுதாகப் பார்த்தார். ஜோ நல்லா நிக்கிறா என்றார் முதலில். பிறகு திருப்பிக் கொடுத்தார். நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரி, நான் திரும்பினேன் என்று சொன்னேன். அப்போது ஒரு வண்டி வந்தது, அதை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று கை காட்டிவிட்டு வந்தார். வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எல்லாப் பொண்ணும் திரும்பும் ப்ரான். திரும்புறவள ஒரு மாசத்துல சரி பண்ணிருவேன். அன்னிக்கு உன்ன எறக்குனது நீ திரும்புனதுக்கு இல்ல. திரும்பலன்னு சொன்னதுக்கு."

அவ்வளவுதான் பேசினார். நானும் வாதாடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன், அவர், இருபத்தொரு வருஷம் நான் அந்தாளு கடையில டயர் வாங்காம பேகா வரைக்கும் போயிட்டிருந்தேன், அதுக்கு என்ன பதில், அதச் சொல்லு முதல்ல என்றார். நியாயமான கேள்விதான்.

ஆகையால் ஜனவரி பன்னிரண்டாம் தேதி உனக்குச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ திரும்புகிறாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் அங்கே இல்லை. கிரெய்க் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், எல்லா ஸ்வீப்பும் மெர்வ் இல்லை, சிலர் தன் தப்பைப் பெண்கள்மேல் போடுகிறவர்கள்தான். நம் வீட்டில் யாரும் திரும்புகிறவர்கள் இல்லை என்று நான் சொன்னது மட்டும் பொய், அது தெரிந்த பொய் இல்லை, ஆனாலும் பொய். நீ சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதையில் அம்மா பாதிக்கப்பட்டவள், ஸ்வீப் கெட்டவர். அந்தக் கதையை வைத்துக்கொண்டு நீ அங்கே ஒரு மனிதரோடு சண்டைக்கு நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை, நான் என்றால் என்ன செய்வேன் என்று சொல்கிறேன். முதலில் இந்த மெமரி கார்டில் இருக்கிற ஏழாவது பதிவைத் தனியாக உட்கார்ந்து பார், உன் அம்மா என்ன முகத்தோடு திரும்புகிறாள் என்று பார். அது உனக்குப் பழகிய முகமாக இருக்கும் என்று நினைக்கிறேன், நீ ஏணியில் ஏறும்போது கீழே நிற்கிற என் முகம் அதுதான். அப்புறம் கிரெய்க்கிடம் போய், பயிற்சி நேரத்தில் கேமரா வைக்கலாமா, நான் திரும்புகிறேனா என்று எனக்கே பார்க்க வேண்டும் என்று கேள். காட்டுவதற்கு என்று கேட்காதே, பார்க்க என்று கேள். நீ திரும்பவில்லை என்று படம் சொன்னால் அதை அவரிடம் தனியாகக் காட்டு, கிளப்பை உட்கார வைக்காதே. திரும்புகிறாய் என்று சொன்னால் அன்றைக்கே, அந்தப் படகை மேலே இழுத்து வைப்பதற்குள் சொல்லிவிடு. ஆமாம், திரும்புகிறேன் என்று இரண்டே சொல். சொல்வதற்கு எனக்கு இருபத்தொரு வருடம் ஆனது, அதற்குள் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய மாநிலப் போட்டிகள் எல்லாம் முடிந்துபோயின. உனக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. தனியாக ஒரு பேட்டரி வைத்திருப்பதால் பார்சல் விமானத்தில் போகாது, சாலை வழிதான், எட்டு ஒன்பது நாள் ஆகும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள், அதனால் இன்றைக்கே மதிய உணவு இடைவேளையில் போட்டுவிடுகிறேன். கையில் வந்தபின் குறைந்தது மூன்று பயிற்சியாவது உனக்குக் கிடைக்கும். இடம் உனக்குக் கிடைக்காமல் அந்தப் புதுப் பெண்ணுக்குப் போனாலும் போகட்டும், அடுத்த பருவம் அந்தக் கடற்கரையிலேயே இருக்கிற மாதிரிப் பேசிவிட்டு வா. வேண்டாத பேச்சுப் பேசி, ரொட்டிக் கடையில் கேக்கைப் பார்க்கிற வாழ்க்கை வேண்டாம்.

நான் ஜோவிடம் இனிமேல் திரும்பினால் கத்து என்று சொல்லியிருக்கிறேன். போன ஞாயிறு ஐந்து அலைக்கு மூன்று முறை கத்தினாள், லியோனி இரண்டு முறை சிரித்தாள். குறைகிறது.

பெட்டியில் கேமரா, இரண்டு நல்ல பேட்டரி, ஒன்று உள்ளே ஒன்று வெளியே, ஒட்டுகிற தட்டு, கயிறு, பூதக்கண்ணாடி, நீ கேட்காத காலுறை நான்கு ஜோடி, லியோனி கொடுத்த சுக்கினி ஊறுகாய் ஒரு பாட்டில் இருக்கின்றன. சுக்கினி எங்கள் தோட்டத்தது, அவளிடமிருந்து இப்படித் திரும்பி வந்தது. சாப்பிடு, இல்லையென்றால் அந்த மூன்று பேருக்கும் கொடு. வெயிலில் போகும்போது காது மடலிலும் களிம்பு தடவு, அங்கேதான் எல்லாரும் மறக்கிறார்கள். உன் தோளும் கையும் உரத்தோடு இருக்கட்டும், உன் படகு நேராகப் போகட்டும், எந்தக் கரையில் ஏறினாலும் உன்னை இழுத்து நிறுத்த நாலு கை இருக்கட்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். மூடியை மூடும் முன் ரப்பர் விளிம்பைப் பார்க்க மறக்காதே. கார்டில் இடம் போதவில்லை என்றால் ஒன்று முதல் ஆறு வரை அழித்துக்கொள், அவை ஹெலனின் ஹாக்கிப் பெண்களும் எங்கள் வேலிக்கம்பங்களும்தான். ஏழாவதை மட்டும் அழிக்காதே. உன்னுடையது எட்டாவதாக இருக்கட்டும்.

என்றும் உன்மேல் அன்புள்ள,
அம்மா
ப்ரான்வின்